ரோட்டார் சுழலும் முன்

அந்தமான் நிகோபார் தீவுகளில் ஹெலிகாப்டர் வேடிக்கைப் பொருள் அல்ல. வடக்கே டிக்லிபூர், தெற்கே ஹட்பே, அதையும் தாண்டி கார் நிகோபார், கமோர்ட்டா, கடைக்கோடியில் கேம்பல் பே என்று பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர்கள் அங்கே போய்வருகின்றன. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோன நாட்களில், வெளித்தீவிலிருந்து ஒரு நோயாளியைத் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுவர அதை விட்டால் வேறு வழி இருக்காது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் வளரும் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போன ஒன்று.

அந்தப் பெரிய ஹெலிகாப்டரின் உச்சியில் இருக்கிற இயந்திர அமைப்பு, அளவில் சுருங்கி, கையால் தூக்கிச் செல்லக்கூடிய ரேடியோ மாடல் ஹெலிகாப்டரிலும் அப்படியே இருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மை ஹெலிகாப்டரைச் சொல்லவில்லை. அதில் இறக்கையின் கோணம் மாறாது. மோட்டார் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும், அவ்வளவுதான். உண்மையான மாடல் ஹெலிகாப்டரில் ரோட்டார் எப்போதும் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, பிளேடுகளின் கோணம்தான் மாறுகிறது. ஆங்காங்கே திருகி, அளந்து, ஒத்துப்போகச் செய்ய வேண்டிய பாகங்கள் அதில் ஏராளம். இந்த விளையாட்டில் ஊறியவர்கள் புதிதாக வருபவரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பறக்கக் கற்றுக்கொள்வது பிறகு, முதலில் மேஜை வேலையைக் கற்றுக்கொள்.

1960-களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் மாடல் ஹெலிகாப்டரை வானில் நிலையாக நிறுத்திக் காட்டும் வரை, இது நடக்கிற காரியமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. விமானத்தைக் கொஞ்சம் தப்பாக அமைத்தாலும் அது தட்டுத்தடுமாறிப் பறந்துவிடும். ஹெலிகாப்டர் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பிழை இருந்தால் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியிலேயே கவிழ்ந்து, பிளேடு, வால், கியர் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு கிடக்கும்.

காரணம், ரோட்டார் தண்டில் கோத்திருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற பாகத்தின் வேலை அவ்வளவு நுணுக்கமானது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள், நடுவே பேரிங். கீழ் வளையம் சுழலாது. மேல் வளையம் ரோட்டாரோடு சுழலும். கீழ் வளையத்தை மூன்று சர்வோ மோட்டார்கள், பெரும்பாலும் 120 பாகை இடைவெளியில், மெல்லிய கம்பிகளால் பிடித்திருக்கின்றன. மூன்றும் ஒன்றாக உயர்ந்தால் எல்லாப் பிளேடுகளின் கோணமும் சேர்ந்து கூடும். ஹெலிகாப்டர் மேலே போகும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால், ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்குள் ஓரிடத்தில் அதிகக் கோணமும் எதிர்ப்புறத்தில் குறைந்த கோணமும் எடுக்கும். ஹெலிகாப்டர் அதற்கேற்ற திசையில் சாய்ந்து நகரும். நிமிடத்துக்கு 2,000 தடவை சுழலும்போது இந்தக் கோண மாற்றமும் அத்தனை தடவை நடக்கிறது.

வேலை தொடங்குவதற்கு முன் பிளேடுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும்; மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் பிரித்துவிட வேண்டும். சலிப்பாகத் தோன்றினாலும் இதில் சமரசமே கூடாது. 700 வகுப்பு என்று சொல்லப்படும் பெரிய மாடலில் ரோட்டாரின் விட்டம் ஏறத்தாழ 1.6 மீட்டர். அது 2,000 சுற்றில் ஓடும்போது பிளேடு முனையின் வேகம் மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பூங்காவில், தன் மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு தாக்கி ஓர் இளைஞர் இறந்துபோனார். அவர் இந்தக் கலையில் தேர்ந்தவர். அடுக்களை மேஜையில் பேட்டரியைச் சொருகிப் பார்க்கும் புதியவருக்கு அந்தச் செய்தி தெரிந்திருப்பது நல்லது.

பிறகு சர்வோக்கள். ரிமோட்டில் குச்சியை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு சர்வோவின் கையும் அதோடு இணையும் கம்பிக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே கை சற்றுச் சாய்ந்துவிடும். முடிந்தவரை பல் மாற்றிப் பார்த்தே நேராக்கி, மிச்சமிருக்கும் சிறு பிழையை மட்டும் ரிமோட்டின் சப் டிரிம் அமைப்பில் சரிசெய்கிறார்கள். இதில் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ரிமோட்டிலேயே திருத்தப் பார்த்தால், சர்வோ ஒரு பக்கம் அதிகமும் மறு பக்கம் குறைவுமாக நகரும். பின்னால் வரும் எல்லா அளவும் அதனால் கோணும்.

சர்வோ நேரானதும் கம்பிகளின் நீளத்தை அரைத் திருகு, கால் திருகாகத் திருத்தி ஸ்வாஷ் பிளேட்டைச் சமமட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்து பிளேடுகளை மட்டும் மாட்டி, பிட்ச் கேஜ் என்ற கோணமானியை அதில் கவ்வவைத்து அளக்க வேண்டும். மோட்டார் கம்பி இன்னும் பிரிந்தே இருக்கும். குச்சி நடுவில் இருக்கும்போது கோணம் பூஜ்யம். மேலே தள்ளினால் கூட்டல் 10 முதல் 12 பாகை, கீழே இழுத்தால் அதே அளவு கழித்தல்: சாகசம் செய்பவர்களின் வழக்கமான அளவு இது. கழித்தல் கோணம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். தலைகீழாகப் பறக்க அது வேண்டும். அதைவிட முக்கியமாக, மோட்டார் பாதியில் நின்றுபோனால் உயிர் காக்க அது வேண்டும். கழித்தல் கோணத்தில் கீழே இறங்கும்போது, எதிரே வரும் காற்று ரோட்டாரைச் சுழலவைத்துக்கொண்டே இருக்கும். தரைக்கு அருகே வந்ததும் கோணத்தைக் கூட்டினால், சேர்த்துவைத்த அந்தச் சுழற்சியையே செலவழித்து மெதுவாக இறங்கிவிடலாம். ஆட்டோ ரொட்டேஷன் என்று இதற்குப் பெயர். பவன் ஹன்ஸ் விமானியும் இதே வித்தையைத்தான் பயின்றிருக்கிறார்.

இவ்வளவும் இயந்திரப் பகுதி. மாடல் ஹெலிகாப்டர்களை அதிகம் கவிழ்ப்பது இதற்கு அடுத்த கட்டம்: கைரோ.

இன்றைய மாடல்களில், முன்பு ரோட்டாரை நிலைப்படுத்திய எடைக்கம்பி கிடையாது. அந்த இடத்தை மூன்று அச்சுகளிலும் சுழற்சியை உணரும் சிறு மின்னணுப் பெட்டியான கைரோ பிடித்துக்கொண்டது. காற்று தள்ளினால் விமானி குச்சியைத் தொடும் முன்பே அது திருத்திவிடும். ஆனால் திருத்தத்தின் திசை தலைகீழாக அமைந்துவிட்டால், சிறு சாய்வைச் சரிசெய்வதற்குப் பதில் அதை இன்னும் பெருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கையும் கண்ணும் போதும். பேட்டரியை இணைத்து, மோட்டார் கம்பிகள் பிரிந்தே இருக்க, ஹெலிகாப்டரை இரு கையாலும் தூக்கி மூக்கைச் சட்டென்று கீழே சாய்க்க வேண்டும். ஸ்வாஷ் பிளேட் பின்பக்கமாகச் சாய்ந்து, தரைமட்டத்தோடு சமமாக நிற்கப் பார்த்தால் சரி. உடலோடு சேர்ந்து அதுவும் முன்னே சாய்ந்தால் திசை தவறு. இடப்புறம், வலப்புறம் சாய்த்தும் இதையே பார்க்க வேண்டும். கடைசியாக மூக்கை இடப்புறம் வெடுக்கென்று திருப்பினால், ரிமோட்டில் குச்சியை வலப்புறம் தள்ளும்போது வால் பிளேடுகள் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற சோதனை. இதைச் செய்யாமல் மைதானத்துக்குப் போனவர்களின் ஹெலிகாப்டர்கள் முதல் நொடியிலேயே மண்ணைக் கவ்வியிருக்கின்றன.

ரேடியோவுக்கும் சோதனை உண்டு. இப்போதைய ரிமோட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. சக்தியை வேண்டுமென்றே குறைத்து அனுப்பும் ஒரு வசதி அவற்றில் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் தூரம் வரை, பொதுவாக 30 மீட்டர் அளவுக்கு, நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். அங்கிருந்தும் சர்வோ தடங்கலின்றி அசைந்தால் ஆண்டெனா நலம். இணைப்பே அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். ஃபெயில்சேஃப் என்பது இதுதான். பிளேடு இல்லாத நிலையில் ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் அது அமைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மைதானத்தில் நடப்பது மிச்சம் கொஞ்சம்தான். ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு நாடா ஒட்டி, பாதுகாப்பான தூரத்தில் நின்று, சுழலும் தட்டை நோக்க வேண்டும். இரண்டு பிளேடுகளும் ஒரே தளத்தில் ஓடினால் ஒற்றைக் கோடு தெரியும். இரட்டைக் கோடாகத் தெரிந்தால் ஒரு பிளேடு உயரத்தில் ஓடுகிறது. நிறுத்தி, அதன் கம்பியை அரைத் திருகு திருத்தி, மறுபடி பார்க்க வேண்டும். முதல் தடவை இடுப்பு உயரத்தில் சில நொடி நிறுத்தி இறக்கி, மோட்டார், பேட்டரி, வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை பொறுக்காத சூடு என்றால் எங்கோ உராய்வு இருக்கிறது.

இத்தனை எச்சரிக்கை ஒரு பொழுதுபோக்குக்குத் தேவையா என்று கேட்பவருக்கு, செவ்வாய்க் கோளில் நடந்த கதை நல்ல பதில். நாசா அங்கே அனுப்பிய இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரின் எடை 1.8 கிலோ, ரோட்டார் விட்டம் 1.2 மீட்டர். மாடல் ஹெலிகாப்டர் அளவுதான். ஸ்வாஷ் பிளேட்டும் சர்வோவும் அதிலும் உண்டு. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். செவ்வாயில் உள்ள காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பதால், காற்றை வெளியேற்றிய பெரிய அறைக்குள் வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். செவ்வாயில் இறங்கிய பிறகும் உடனே பறக்கவிடவில்லை. 2021 ஏப்ரல் 8-இல் நிமிடத்துக்கு 50 சுற்று என்ற மெதுவான வேகத்தில் ரோட்டாரைச் சுழற்றிப் பார்த்தார்கள். மறுநாள் 2,400 சுற்றில் முழு வேகச் சோதனை. அது பாதியில் நின்றது. பறக்கும் நிலைக்கு மாறும் கட்டத்தில் கட்டளை வரிசையைக் கண்காணிக்கும் காவல் கடிகாரம் குறுக்கிட்டு நிறுத்திவிட்டது. உலகமே காத்திருந்த பயணத்தைத் தள்ளிவைத்து, குறையைச் சரிசெய்து, சோதனையை முழுமையாக முடித்த பிறகே ஏப்ரல் 19-இல் பறக்கவிட்டார்கள். மூன்று மீட்டர் உயரம், 39 நொடி.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. பருவம் மாறிக் காற்று மேலும் மெலிந்ததால், ரோட்டாரை 2,700 சுற்றில் ஓட்டிப் பறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். கிளம்பும் முன் நடந்த தானியங்கிச் சோதனையில் இரண்டு சர்வோக்களின் அசைவில் கோளாறு தெரிந்ததும், ஹெலிகாப்டர் தானாகவே பயணத்தை ரத்து செய்தது. அடுத்து பறந்தது அக்டோபர் 24-இல்தான். 72 பயணங்கள் வரை அது தாக்குப்பிடித்தது என்றால், தரையிலேயே நின்றுவிடத் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

செவ்வாய்க்குப் போய் உதிரிபாகம் கொடுக்க யாராலும் முடியாது. அந்தமானில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும், உடைந்த ரோட்டார் தண்டுக்கு மாற்று வேண்டுமென்றால் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும். சென்னையிலிருந்து கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள். ஆகவே மேஜையில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் தீவில் பல வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

விமானத்தில் கொண்டுவரலாமே என்றால், பேட்டரியில் சிக்கல் வருகிறது. லித்தியம் பாலிமர் பேட்டரிகளைத் தனியாகச் சரக்குப் பெட்டியில் போட அனுமதி கிடையாது. முனைகளுக்கு நாடா ஒட்டிக் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுதான். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும். சிறிய 450 வகுப்பு மாடலின் மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட், 2.2 ஆம்பியர் மணி. பெருக்கினால் 24 சொச்சம். கவலையில்லை. பெரிய மாடலின் ஆறு செல் பேட்டரி 22.2 வோல்ட், 5 ஆம்பியர் மணி, பெருக்கினால் 111. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய எண் அது. மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் பழைய வகை மாடலுக்கோ விமானத்தில் எரிபொருள் கொண்டுவரவே முடியாது.

தீவின் காற்றும் ஒரு எதிரி. உப்பும் ஈரமும் சேர்ந்து எஃகுப் பேரிங்குகளையும் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். சர்வோவின் இணைப்பில் பச்சை பூத்தால் மின்சாரம் விட்டுவிட்டுப் போகும். தரையில் ஒழுங்காக ஆடிக் காட்டிவிட்டு வானில் ஒரு நொடி செத்துப்போகும் சர்வோவுக்கு இதுவும் காரணமாகலாம். கடற்கரையில் பறக்கவிட்ட பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் வைப்பது அங்கே அவசியம். பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

எங்கே பறக்கவிடுவது என்பது தீவில் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. 2021 ஆகஸ்ட் 25-இல் வெளியான டிரோன் விதிகள் மாடல் ஹெலிகாப்டரையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்பார்வை எல்லைக்குள் பறப்பவை மாடல் என்ற தனி வகையில் வருகின்றன. அவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வான்வெளிக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவானது. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளி. அங்கே உரிய அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. வீர சாவர்க்கர் விமான நிலையம் தலைநகரை ஒட்டியே இருக்கிறது, கடற்படையின் ஐ.என்.எஸ். உத்குரோஷ் தளமும் அதுவே. அபர்தீன் பஜார், ஜங்கிலிகாட் என்று நகரத்தின் எந்த மூலையிலும் நினைத்த மாத்திரத்தில் ஹெலிகாப்டரைக் கிளப்ப முடியாது என்று பொருள். வடக்கே டிக்லிபூரில் ஐ.என்.எஸ். கொஹாசா, தெற்கே கேம்பல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ், நடுவே கார் நிகோபாரில் விமானப்படைத் தளம். பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளோ 1956-ஆம் ஆண்டு முதலே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, உள்ளூர் நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் முறை. ராணுவ முக்கியத்துவம் உள்ள இடத்தில் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஹெலிகாப்டரை அமைத்துச் சோதிக்கும் இந்தத் திறமைக்குப் பொழுதுபோக்கைத் தாண்டியும் இடம் இருக்கிறது. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-லேயே ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை நெல் வயலில் மருந்து தெளிக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்ஷா குழு ஆளில்லா விமானங்களை உருவாக்கியபோது, ரேடியோ மாடல் பறக்கவிடுவதில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார் அதன் ஆலோசகராகச் சேர்ந்தார். 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. தொலைவில் தனித்திருக்கும் நோயாளியின் ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் எடுத்துவர வேண்டும் என்பது அந்தப் போட்டியின் சவால். தீவுவாசிகளுக்கு இது போட்டி அல்ல, அன்றாடம்.

2021 அக்டோபர் 4-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐ-டிரோன் திட்டத்தைத் தொடங்கியது. மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரி நடுவே உள்ள கராங் தீவுக்குக் கொரோனா தடுப்பூசி பறந்தது. சாலையும் படகுமாக 26 கிலோமீட்டர் போக வேண்டிய வழி வானில் 15 கிலோமீட்டராகச் சுருங்கி, 12 முதல் 15 நிமிடத்தில் முடிந்தது. மணிப்பூர், நாகாலாந்தோடு அந்தமான் நிகோபாருக்கும் அந்தத் திட்டத்துக்கான அனுமதி கிடைத்திருந்தது. அத்தகைய சேவை எந்தத் தீவில் வேரூன்றினாலும், தினமும் காலையில் யாராவது ஒருவர் அந்தக் கருவியின் இணைப்பு முனைகளைப் பார்த்து, இறக்கையில் கீறல் தேடி, இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று சோதித்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து ஆள் வரக் காத்திருக்க முடியாத வேலை அது. தீவிலேயே வளர்ந்த, உப்புக் காற்று எதை எப்படி அரிக்கும் என்று அறிந்த கைகள் அதற்கு வேண்டும்.

அதில் இறங்க நினைக்கும் அந்தமான் மாணவருக்கு 450 வகுப்பு மாடல் ஒன்று போதும். அதன் பேட்டரி கைப்பையில் தடையின்றி வரும். மே மாதம் மழை பிடித்துவிட்டால் கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாம். அதில் எத்தனை தடவை கவிழ்ந்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். கூடவே ஹெலிகாப்டரை முழுதாகக் கழற்றி மாட்டி, சர்வோ, ஸ்வாஷ் பிளேட், கைரோ என்று வரிசையாக அமைத்துப் பார்ப்பதற்கும் அந்த மழை மாதங்களே தோது. அனுமதிக் கடிதத்தையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், ஜனவரியில் வானம் வெளுக்கும்போது பறக்கவிடும் இடமும் தயாராக இருக்கும்.